கால்ல விழுந்தாலும் குடுக்காதே

அக்கா: கையை நீட்டுடா.

தம்பி: நீட்ட மாட்டேன்.

அக்கா: டேய் நண்டு, விளையாடாதே. நீட்டு. இதைப் பிடி.

தம்பி: கையெல்லாம் பவுடர், பாரு. கேரம் போர்டைத் துடைச்சிட்டிருக்கேன்.

அக்கா: வீடு பூரா அட்டைப்பெட்டியாக் கெடக்கு. ஒத்தாசைக்கு வாடான்னா, உனக்குக் கேரம் போர்டுதான் கண்ணுல பட்டுதா?

தம்பி: இதுல இன்னும் மாமா போட்ட பவுடர் இருக்குக்கா. இந்த மூலையில பாரு. பொட்டிக்குள்ள திணிச்சா அதுவும் போயிடும்.

அக்கா: அப்ப துடைக்காதே. விட்டுடு.

தம்பி: அதான் மூலையை விட்டுட்டு நடுவுல மட்டும் துடைக்கறேன்.

அக்கா: சரி, கையைச் சட்டையில துடைச்சுக்கோ. துடைச்சியா? இந்தா. உன் பேருக்குப் பேங்க்ல டிராஃப்ட் எடுத்திருக்கேன். இத்தனை வருஷமா நீ எங்கிட்ட அனுப்பி வெச்ச காசு. மொத்தமும் இருக்கு, வட்டியோட.

தம்பி: வேணாம்.

அக்கா: வேணாமா? சொந்தக் காசை வேணாம்னு சொல்ற ஆளை இப்பத்தான் பாக்கறேன்.

தம்பி: ரூல் என்ன?

அக்கா: என்ன ரூலு?

தம்பி: மறந்துட்டியா? நானே கேட்டாலும் குடுக்காதே. அழுதாலும் குடுக்காதே. கால்ல விழுந்தாலும் குடுக்காதே. நான் இப்ப கேக்கக்கூட இல்லை. நீ எப்படிக் குடுக்கலாம்?

அக்கா: வாய் மட்டும் இல்லேன்னா உன்னை நாய் தூக்கிட்டுப் போயிடும்டா.

தம்பி: ரூல்னா ரூல். நீ சொல்ற டயலாக்தானே?

அக்கா: அது உனக்கு மீசை சரியா முளைக்காத காலத்துல போட்ட ரூலு. ஒரு மாசம் எடிட் பண்ணக் கல்யாண வீடியோவா வந்து குமியும். அப்புறம் நாலு மாசம் ஈ ஓட்டுவே. காசு வந்த மாசம் ராஜா. வராத மாசம் என் தட்டுல கை வைப்பே. வேலையை முடிக்க ஹார்ட் டிஸ்க் வேணும்னு கம்ப்யூட்டரை அடகு வெச்ச புத்திசாலி நீ ஒருத்தன்தான்.

தம்பி: அவசரத்துல தோணலை...

அக்கா: கம்ப்யூட்டர் இல்லாம ஹார்ட் டிஸ்க்கை வெச்சு என்னடா பண்றதா இருந்தே? தலைக்கு வெச்சுத் தூங்கவா?

தம்பி: மாமாவும் இதையேதான் கேட்டாரு. கேட்டுட்டுச் சிரிச்சாரு பாரு, கண்ணுல தண்ணி வந்துடுச்சு அவருக்கு.

அக்கா: அவர்தானே வழி சொன்னாரு. 'இவனுக்கு மாசச் சம்பளம்னு ஒண்ணு கெடையாது. காசு வந்த அன்னிக்கே, ஒரு டீ குடிக்கறதுக்கு முன்னாடி, நாலுல ஒரு பங்கை உன்கிட்டத் தள்ளச் சொல்லு. அவன் கையில இருந்தா நிக்காது'ன்னாரு.

தம்பி: சத்தியமா டீ குடிக்கலைக்கா. ஸ்டுடியோ வாசல்ல கிளாஸைக் கையில வெச்சுக்கிட்டு, உனக்கு அனுப்பி முடிச்சப்புறம்தான் வாயில வைப்பேன். பாதி நாள் ஆறிப்போயிடும். டீக்கடைக்காரர், 'யாருக்குங்க படையல் போடறீங்க'ன்னு கேப்பாரு.

அக்கா: நீயும் லேசுப்பட்ட ஆளில்லை. ரூல் போட்ட மூணாவது மாசமே வந்து நின்னியே, பைக் வாங்கணும்னு.

தம்பி: நீ கதவைச் சாத்தினே.

அக்கா: சாத்தினேன். நீ வெளியில உக்காந்து பாட்டுப் பாடினே. கீழ் வீட்டு டீச்சர் படியேறி வந்து, 'பாவம், குடுத்துடும்மா, பாட்டைத் தாங்க முடியலை'ன்னு சொன்னாங்க.

தம்பி: அப்பவும் குடுக்கலையே நீ. கல்நெஞ்சுக்காரி.

அக்கா: ...ஆமா. கல்நெஞ்சுதான்.

தம்பி: ஏய், சும்மா சொன்னேன்.

அக்கா: தெரியும். இதை வாங்கிக்கோடா. பாக்கெட்ல வை. அப்புறம் எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசலாம்.

தம்பி: திடீர்னு இன்னிக்கு என்ன அவசரம்?

அக்கா: அவசரம் என்ன? உனக்கு முன்மண்டை ஏறிக்கிட்டே போவுது. இன்னும் அடுத்தவன் ஸ்டுடியோவுல, அடுத்தவன் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துட்டிருக்கே. வேலை முடியற வரைக்கும் 'சார், சார்'ம்பான். காசைக் கேட்டா போனை எடுக்க மாட்டான். இதை வெச்சு சொந்தமா ஒரு சின்ன ரூமைப் பிடி. உன் பேருல ஒரு போர்டு மாட்டு.

தம்பி: மாட்டலாம். நீ எதுக்கு வீட்டைக் காலி பண்றே?

அக்கா: சொன்னேனே. முட்டி வலி. மாடி ஏற முடியலை.

தம்பி: நேத்து வரைக்கும் தண்ணிக் கேனைத் தூக்கிட்டு ஏறினே.

அக்கா: நேத்துதான் வலிக்க ஆரம்பிச்சுது.

தம்பி: அக்கா.

அக்கா: ஊருல இருக்கற லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பண்ணின மனுஷன், லிஃப்ட் இல்லாத வீட்டை வாங்கிட்டுப் போயிட்டாரு. நான் என்ன பண்ணட்டும்? வாடகைக்கு விட்டுட்டு, கடைக்குப் பின்னாடி இருக்கற லேடீஸ் ஹாஸ்டல்ல ஒரு கட்டில் பாத்திருக்கேன். ஜவுளிக்கடைக் கணக்கு எழுதப் போறவளுக்கு ஒரு கட்டில் போதாதா? நடந்தே வேலைக்குப் போயிடலாம்.

தம்பி: வாடகைக்கா விடறே?

அக்கா: ஆமா.

தம்பி: யாருக்கு?

அக்கா: ஒரு பல் டாக்டருக்கு.

தம்பி: பல் டாக்டர் வாடகைக்கு வர்ற வீட்டுக்கு, அளவு எடுக்க ஆள் எதுக்கு வந்தான்? நடுச் சுவரை இடிக்கலாமான்னு எதுக்குக் கேட்டான்?

அக்கா: உனக்கு யாரு சொன்னா?

தம்பி: கீழ் வீட்டு டீச்சர்தான். எனக்குப் போன் பண்ணி அழறாங்கக்கா. 'உங்க அக்கா வித்துட்டா, எங்கிட்டக்கூட ஒரு வார்த்தை சொல்லலை'ன்னு.

அக்கா: அந்தம்மாவுக்கு வாயில ஒண்ணும் தங்காது.

தம்பி: மாமா உக்காந்த எடத்துல பல்லுப் புடுங்கப் போறாங்களா? இந்த ஜன்னலுக்கு அவரே பெயின்ட் அடிச்சாரு. இந்த மின்விசிறிச் சத்தம் போகணும்னு ஒரு ஞாயித்துக்கிழமை பூரா ஏணியில நின்னாரு. கடன் முடிஞ்ச அன்னிக்கு ஒவ்வொரு சுவரையும் தட்டித் தட்டி, 'இது நம்முது, இதுவும் நம்முது'ன்னு சொல்லிட்டே நடந்தாரு. அதை நான் வீடியோ எடுத்து வெச்சிருக்கேன். நீ இதை விக்கறே.

அக்கா: வீடு வெறும் செங்கல்லுடா.

தம்பி: இதை நீ சொல்றியா?

அக்கா: அவரு இருந்தா வீடு. இப்ப செங்கல்லு.

தம்பி: பத்திரம் பதிஞ்சாச்சா?

அக்கா: நாளைக்குக் காலையில. இன்னிக்கு டாக்டரு வந்து சாவியை வாங்கிட்டு, கடைசியா ஒரு தடவை பாத்துட்டுப் போறேன்னாரு. இப்ப வர்ற நேரம்தான்.

தம்பி: அப்ப இன்னும் விக்கலை.

அக்கா: அட்வான்ஸ் வாங்கியாச்சு.

தம்பி: அட்வான்ஸ் எங்கே? உன் கையில இருக்கற டிராஃப்டா?

அக்கா: இது உன் காசு. சேத்து வெச்சது.

தம்பி: சரி.

அக்கா: என்ன சரி? நம்பலையா?

தம்பி: நம்பறேன். வேணாம்னுதான் சொல்றேன். டாக்டர்கிட்ட நான் பேசறேன். அட்வான்ஸைத் திருப்பிக் குடுத்துடலாம். பொட்டியைப் பிரிச்சு அடுக்க ஒரு மணி நேரம் ஆகுமா? நானும் இருக்கேன்ல.

அக்கா: திருப்பிக் குடுக்க எங்கிட்ட வேற காசு இல்லைடா.

தம்பி: இதையே குடு.

அக்கா: இது உன்னோடதுன்னு எத்தனை தடவை சொல்றது? ஏன்டா உயிரை வாங்கறே? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் குடுக்கறதை வாங்கிட்டுப் போயேன்...

தம்பி: அழாதே.

அக்கா: அழலை. தூசி.

தம்பி: தண்ணி குடிக்கறியா? டம்ளரையெல்லாம் எந்தப் பொட்டியில போட்டே?

அக்கா: உக்காரு. எதையும் பிரிக்காதே. உக்காருடா இங்கே. எங்கே பாக்கறே? என் மூஞ்சியைப் பாரு.

தம்பி: பாக்கறேன்.

அக்கா: கடைசியா நீ காசு கேட்டு வந்தே, ஞாபகம் இருக்கா?

தம்பி: எதுக்கு இப்ப அது?

அக்கா: நல்ல மழை. தொப்பலா நனைஞ்சுட்டு வந்து நின்னே. புது கேமரா ஒண்ணு மலிவா வருது, ரெண்டு நாள்ல காசு கட்டணும்னு சொன்னே. நான் 'ரூல்னா ரூல்'னேன். நீ சிரிச்சே. அப்புறம் நிஜமாவே கீழ உக்காந்து என் காலைப் பிடிச்சே.

தம்பி: விளையாட்டுக்குக்கா.

அக்கா: விளையாட்டுக்குப் பிடிக்கறவன் அவ்வளவு நேரம் பிடிச்சிட்டிருக்க மாட்டான். எனக்குத் தெரியும். 'போடா போடா, நடிக்காதே'ன்னு சொல்லித் துரத்திவிட்டேன். ஹெல்மெட்டைக்கூட மறந்துட்டுப் போனே. அந்த மழையில வெறுந்தலையோட... திரும்பி வந்து எடுத்துக்கிட்டுப் போவேன்னு நினைச்சிட்டிருந்தேன். வரலை. மறுநாள்தான் வந்து எடுத்தே.

தம்பி: ம்.

அக்கா: அன்னிக்கு நான் ரூலுக்காகக் குடுக்காம இல்லைடா.

தம்பி: விடு அக்கா.

அக்கா: காசு இல்லை. ஒத்தைப் பைசா இல்லை. மாமாவுக்குக் கம்பெனி இன்ஷூரன்ஸ் இருக்குன்னு உன்கிட்டச் சொன்னேனே, பொய். அவரு கான்ட்ராக்ட் ஆளு. கம்பெனிக்காரன் ஒரு சால்வையைப் போட்டு அனுப்பிட்டான். கிட்னி போனவருக்கு வாரத்துக்கு ரெண்டு தடவை ரத்தம் சுத்திகரிக்கணும். என் சம்பளம் ஒரு வாரத்துக்கே பத்தலை. முதல்ல உன் காசுல கொஞ்சம் எடுத்தேன். அடுத்த மாசம் வெச்சிடலாம்னு எடுத்தேன். அப்புறம் இன்னும் கொஞ்சம்... நீ டீ குடிக்காம அனுப்பினதெல்லாம் ஊசியாவும் டியூபாவும் போயிடுச்சுடா. உன்னைக் கேக்காம எடுத்துட்டேன். நான் திருடிட்டேன்.

தம்பி: அந்த வார்த்தையைச் சொல்லாதே.

அக்கா: வேற என்ன வார்த்தை இருக்கு அதுக்கு? நீயே சொல்லு. நீ வேற, அந்த மழைக்கு அப்புறம் நாலுல ஒரு பங்குக்குப் பதிலா பாதிப் பாதியா அனுப்ப ஆரம்பிச்சே. பிழைப்பு நல்லா ஓடுது போலன்னு நினைச்சேன். ஒரு மாசம் வந்த காசு பூராவையும் அனுப்பிட்டே. ஏன்டான்னு கேட்டா, 'கணக்குத் தப்பாயிடுச்சு, பரவாயில்லை, வெச்சுக்கோ'ன்னே. எல்லாத்தையும் எடுத்தேன். அவரு போனதுக்கு அப்புறம் வந்தது ஆஸ்பத்திரிக் கடனுக்குப் போச்சு. நீ ஏமாந்துக்கிட்டே இருந்தே, நான் ஏமாத்திக்கிட்டே இருந்தேன்.

தம்பி: காயினை எண்ணிப் பையில போட்டியா? செவப்புக் காயினைக் காணோம்.

அக்கா: நான் என்ன சொல்லிட்டிருக்கேன், நீ காயினைத் தேடறே?

தம்பி: கேட்டுட்டுத்தான் இருக்கேன்.

அக்கா: அப்ப ஒரு வார்த்தை திட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு அடுக்கி அடுக்கி வெக்கறே. கோவம் வந்தா கத்துடா. இந்த அமைதிதான் எனக்குத் தாங்கலை.

தம்பி: எனக்குக் கோவம் இல்லை.

அக்கா: இன்னும் முழுசா சொல்லலை நான். சொன்னா வரும்.

தம்பி: போதும்கா. டாக்டர் வந்துடப் போறாரு.

அக்கா: அது கேமராவுக்கு இல்லை.

தம்பி: எது?

அக்கா: அன்னிக்கு நீ கேட்ட காசு. கேமரா வாங்க இல்லை. ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் குடுக்க. 'மாசச் சம்பளம் இல்லாதவனுக்குப் பொண்ணு இல்லை, முதல்ல குடியிருக்க ஒரு வீட்டைக் காட்டு'ன்னு நீ விரும்பின பொண்ணோட அப்பா சொல்லியிருந்தாரு.

தம்பி: ...யார் சொன்னா உனக்கு?

அக்கா: அவளேதான்.

தம்பி: அவளை உனக்கு எப்படித் தெரியும்?

அக்கா: இங்கே வந்தா. மழை விட்ட மறுவாரம். இதோ, நீ உக்காந்திருக்கியே, அந்த நாற்காலியிலதான் உக்காந்தா. ரேடியோவுல செய்தி வாசிக்கற பொண்ணாம். குரல் அவ்வளவு நல்லா இருந்துது. 'அவரு சேத்து வெச்ச காசு உங்ககிட்ட இருக்குன்னு சொன்னாரு, இப்ப கெடைக்காதுங்கறாரு, ஏன்னு சொல்ல மாட்டேங்கறாரு. நிஜமாவே இருந்துதா? எங்க அப்பா அவரைப் புளுகன்னு சொல்றாரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்'னா.

தம்பி: அவ... இங்க வந்தாளா?

அக்கா: உள்ளே அவரு படுத்திருந்தாரு. இருமல் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துது. நான் மட்டும், 'ஆமாம்மா, அவன் காசு, நான்தான் எடுத்துட்டேன், கொஞ்சம் பொறுத்துக்கோ'ன்னு சொல்லியிருந்தா அவ பொறுத்திருப்பா. அப்படிப்பட்ட மூஞ்சி. எனக்கு வாய் வரலைடா. உள்ளே அவருக்குக் கேட்டுடும்னு பயம். உனக்குத் தெரிஞ்சுடும்னு பயம்.

தம்பி: என்ன சொன்னே அவகிட்ட?

அக்கா: 'அதெல்லாம் குடும்ப விஷயம், உங்கிட்டச் சொல்றதுக்கில்லை'ன்னேன். அவ எந்திரிச்சா. தண்ணி குடுத்தேன், குடிக்கலை. படியில இறங்கும்போது திரும்பி, 'நான் வந்தேன்னு அவர்கிட்டச் சொல்லாதீங்க'ன்னா. சொல்லலை. இன்னிக்குத்தான் சொல்றேன்.

தம்பி: அவ வந்துட்டுப் போனது எனக்குத் தெரியாதுக்கா.

அக்கா: திட்டுடா.

தம்பி: நான் எதையும் சொல்லாததால அவ கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்னு நினைச்சேன். ஒரு தடவைகூட விசாரிச்சுப் பாக்கலையேன்னு... இத்தனை வருஷமா அவமேல ஒரு வருத்தம் இருந்துது எனக்கு. அவ விசாரிச்சிருக்கா. படியேறி வந்து விசாரிச்சிருக்கா.

அக்கா: என்னைத் திட்டுடா, உன் வாயால ரெண்டு வார்த்தை...

தம்பி: ஒரு மாசம் காசு பூராவையும் அனுப்பினேன்னு சொன்னியே.

அக்கா: ஆமா.

தம்பி: அது அவ கல்யாண வீடியோ.

அக்கா: என்னது?

தம்பி: ஸ்டுடியோக்காரருக்கு என்ன தெரியும்? 'அவசரம், பார்ட்டி நல்ல காசு குடுக்கறாங்க'ன்னு எங்கிட்டக் குடுத்தாரு. திறந்தா அவ. மாட்டேன்னு சொல்லியிருக்கலாம். அந்த மாசம் வேற வேலையே இல்லை. உக்காந்து வெட்டி ஒட்டினேன். பாட்டுச் சேத்தேன். ஒரு எடத்துல நேரா கேமராவைப் பாக்கறா, சிரிக்காம. அதை மட்டும் வெட்டி எடுத்துட்டேன். கல்யாண வீடியோவுல அது நல்லா இருக்காது. அந்தக் காசுல ஒரு டீகூடக் குடிக்க மனசு வரலை. அதான் பூராவையும் அனுப்பினேன்.

அக்கா: ஐயோ... ஐயோ என் தங்கமே... அதையுமா நான் செலவு பண்ணினேன்...

தம்பி: அழாதேக்கா. நான் இதைச் சொல்லியிருக்கக் கூடாது.

அக்கா: இப்பப் புரியுதா ஏன் விக்கறேன்னு? இந்த வீட்டுல படுத்தா தூக்கம் வரலைடா. அந்த நாற்காலியைப் பாத்தா அவ. அந்த வாசலைப் பாத்தா நனைஞ்சுபோன நீ. உன் வாழ்க்கையை வித்து அவரைக் காப்பாத்தப் பாத்தேன். அவரும் நிக்கலை. இந்தச் சுவருங்கதான் மிச்சம். இதையாவது உன் கையில குடுத்துட்டா, ஒரு நாளாவது நிம்மதியாக் கண்ணை மூடுவேன்.

தம்பி: நீ ஹாஸ்டல் கட்டில்ல கெடந்தா நான் நிம்மதியாக் கண்ணை மூடுவேனா?

அக்கா: அது என் பாடு.

தம்பி: போன் அடிக்குது.

அக்கா: டாக்டருதான்... ஹலோ. ஆமாங்க டாக்டர். வந்துட்டீங்களா? கீழயேவா? இல்லைங்க, ஒண்ணும் இல்லை, ஜலதோஷம், அதான் குரல் இப்படி... வண்டியை கேட்டுக்கு உள்ளயே விடுங்க. ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க. சாவி எடுத்து வெச்சுட்டேன். சரிங்க.

தம்பி: நான் கீழ போய்ப் பேசறேன். வீடு விக்கலைன்னு சொல்லிடறேன்.

அக்கா: அங்கயே நில்லு.

தம்பி: வழியை விடுக்கா.

அக்கா: இதை வாங்கிக்கிட்டுப் போ.

தம்பி: மாட்டேன்.

அக்கா: உனக்கு என்னதான்டா வேணும்? இது கொறைச்சலாப் போச்சா? சொல்லு, இன்னும் இருபது வருஷம் கணக்கு எழுதி, மிச்சத்தையும் அடைக்கறேன். இதை மட்டும் இப்ப வாங்கிக்கோ. கெஞ்சிக் கேக்கறேன்.

தம்பி: அக்கா, என்ன பண்றே... அக்கா! எந்திரி. எந்திரி முதல்ல!

அக்கா: விடு என்னை. அன்னிக்கு நீ விழுந்தே. நான் குடுக்கலை. இன்னிக்கு நான் விழறேன். நீ வாங்கிக்கோ.

தம்பி: மூத்தவ நீ, என் கால்ல... ஐயோ, கையை எடு. இப்படிப் பண்ணாதேக்கா, எனக்குத் தாங்காது.

அக்கா: வாங்கிக்கறேன்னு சொல்லு. எந்திரிக்கறேன்.

தம்பி: சரி, நானும் கீழ உக்காந்துட்டேன். கையை விடு. நான் சொல்றதைக் கேளு.

அக்கா: வாங்கிக்கறேன்னு சொல்லு...

தம்பி: அன்னிக்கு நான் ஹெல்மெட் எடுக்கத் திரும்பி வந்தேன்.

அக்கா: வரலை நீ. மறுநாள்தான்...

தம்பி: வந்தேன்கா. கேமரான்னு பொய் சொன்னது உறுத்திச்சு. அவளைப் பத்திச் சொல்லிக் கேட்டா நீ குடுத்துடுவேன்னு நினைச்சு, பாதி வழியில திரும்பி வந்தேன். கதவு லேசாத் திறந்திருந்துது. நீ வாசலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு மாமாகிட்ட அழுதுட்டிருந்தே. 'அவன் காசு பூரா தீந்துபோச்சு, எந்த மூஞ்சியோட அவன்கிட்டச் சொல்லுவேன்'னு.

அக்கா: நீ... கேட்டியா?

தம்பி: ம்.

அக்கா: தெரிஞ்சுமா அனுப்பினே? பாதிப் பாதியா... தெரிஞ்சுமாடா?

தம்பி: நேரா குடுத்தா நீ வாங்க மாட்டே. ரூல்னு சொன்னா வாங்குவே. நான் வேற என்ன பண்றது?

அக்கா: ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா. இத்தனை வருஷம்... ஒரே ஒரு வார்த்தை...

தம்பி: நீ என்னைப் பாக்கலை, மாமா பாத்துட்டாரு. கதவு சந்துல நான் நிக்கறதை உன் தோளுக்கு மேல பாத்துக்கிட்டே இருந்தாரு. அடுத்த ஞாயித்துக்கிழமை நீ மாத்திரை வாங்கக் கடைக்குப் போயிருந்தே. நாங்க கேரம் ஆடிட்டிருந்தோம். செவப்புக் காயினை எடுத்து என் உள்ளங்கையில வெச்சு மூடிட்டு, 'உனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சா, நான் போனப்புறம் அவ ஒரு வாய்கூட நிம்மதியாச் சாப்பிட மாட்டா. அழுதாலும் சொல்லாதே. கால்ல விழுந்தாலும் சொல்லாதே'ன்னாரு... நீ நிஜமாவே விழுவேன்னு அவரும் நினைக்கலை, நானும் நினைக்கலைக்கா.